தவறி விழுந்தார்

பதினோரு வரிச் செய்தி ஒன்று எனக்கு மனப்பாடம். நான் எழுதியதுதான். 2019 மார்ச்சில் வந்தது. மாவட்டப் பக்கத்தில் இடது ஓரம், ஒற்றைப் பத்தி, பெயர் போடாத செய்தி. 'வேலூர் அருகே அதிகாலை வாகனத் தணிக்கையில் ஈடுபட்டிருந்த போலீசாரைக் கண்டதும் பைக்கைப் போட்டுவிட்டுத் தப்பியோடிய வாலிபர், சிறுபாலத்தில் இருந்து தவறி விழுந்தார். இதில் அவரது வலது கை முறிந்தது' என்று போகும். கடைசியில் மூன்று பைக்குகள் பறிமுதல், நீதிமன்றத்தில் ஆஜர், வேலூர் மத்திய சிறை. மண்டித் தெரு பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபடி கைப்பேசியிலேயே அடித்தேன். டீ ஆறுவதற்குள் அனுப்பியும் விட்டேன். அன்று அது போல நான்கு செய்தி அனுப்பியிருப்பேன். மற்ற மூன்றும் எதைப் பற்றி என்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது.

இருபது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் க்ரைம் செய்தி எழுதியிருக்கிறேன். மாவட்டம் என்று சொல்வதிலும் சிக்கல். நான் எழுத வந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, அரக்கோணம், திருப்பத்தூர் எல்லாம் வேலூரில் அடக்கம். 2019 கடைசியில் ஒன்று மூன்றானது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கடைசி வரைக்கும் 'வட ஆர்க்காடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 1980-ல் திருப்பத்தூர் பக்கம் நக்சல் வேட்டை நடந்தபோது செய்தி எழுதியவர் அவர். 'மோதல்னு ஒரு வார்த்தை வந்துதுப்பா அப்போ. ரெண்டு பேர் இருந்தாத்தானே மோதல்? நான் ஒருத்தன் பிணத்தைத்தான் பார்த்தேன். ஆனா மோதல்னுதான் எழுதினேன்' என்று ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அது ஒரு பழைய கதை. கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன்.

2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகுதான் எங்கள் பத்திரிகைக்கே 'நம் மாவட்டத்தில் என்ன கதை' என்று தோன்றியது. போலீஸ் அத்துமீறல் பற்றி ஐந்து நாள் தொடர் எழுதச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஆம்பூரில் 2015 ஜூன் 27 இரவு நெடுஞ்சாலையில் வண்டிகள் எரிந்தபோது நின்று எழுதியவன் நான். பள்ளிகொண்டா போலீசார் விசாரணைக்கு அழைத்துப்போன இளைஞர் இறந்ததை அடுத்து மூண்ட கலவரம் அது. அதே வருடம் ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி ஆந்திர அதிரடிப்படை 20 பேரைச் சுட்டுக் கொன்றபோது, கண்ணமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் வந்தவன். கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்றது அவர்கள் தரப்பு. கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிக்கொண்டு போனார்கள் என்றார்கள் உயிர் தப்பியவர்கள். இரண்டு தரப்பையும் எழுதினேன். ஆக, போலீஸ் விஷயத்தில் நான் நேர்மையான ஆள் என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் வைத்திருந்தேன். பெரிய சாவுகளின்போது யாருமே கவனமாகத்தான் எழுதுவார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பிரஸ் நோட்டின் இலக்கணம்

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாவட்ட நிருபருக்கு க்ரைம் செய்தி போலீசிடமிருந்துதான் வருகிறது. முன்பு ஸ்டேஷன் ரைட்டரிடம் போய் நிற்போம், எஸ்.பி. அலுவலகத்தில் ஒரு தாள் தருவார்கள். இப்போது வாட்ஸ்அப் குரூப். காலை ஏழு மணிக்கு ஒரு பிரஸ் நோட், கூடவே போட்டோ. பறிமுதல் செய்த பொருள் மேசை மேல், பின்னால் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் முகம் மூடிய ஆள், அவன் கையில் மாவுக்கட்டு. எங்கள் பக்கத்தில் கை ஒடிந்தால் புத்தூர் கட்டுக்குப் போவார்கள். மாவுக்கட்டு என்றாலே போலீஸ் கட்டு என்று ஆனது இந்தப் பத்துப் பதினைந்து வருடத்தில்தான். அந்தக் குரூப்பில் இல்லாத நிருபருக்கு அன்றைக்குச் செய்தி கிடையாது. செய்தி இல்லையென்றால் வரிக்கணக்கில் வரும் காசும் கிடையாது. பகுதி நேர நிருபர்களுக்குச் சம்பளமே அதுதான். எனக்குக் கொஞ்சம் மேலாக இருந்தது, அவ்வளவே.

அந்த நோட்டுகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கைதியே எல்லாம் செய்துகொள்வான். ஓடுவான், குதிப்பான், வழுக்குவான், விழுவான். யாரும் அவனை எதுவும் செய்வதில்லை. எழுவாய் எப்போதும் அவன்தான். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் தரையில் உருண்டு புரண்டதால் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையிலேயே எழுதினார்கள். 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது, ஸ்டேஷன் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா, போலீஸ்காரர்கள் விழுவதில்லையா என்று. ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு நியாயம் தீர்ந்துவிட்ட நிம்மதியும் இருந்தது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மீம் போடுகிறவர்களில் பாதிப் பேர் 'நல்லா வேணும்' என்ற பக்கம்தான். என் வீட்டிலேயே நடந்தது. மைத்துனி கழுத்திலிருந்து சத்துவாச்சாரியில் செயினை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கோடு போல் ரத்தம். இரண்டு வாரம் கழித்துப் பிடிபட்டவனின் கட்டுப் போட்ட போட்டோவைக் காட்டினேன். 'ரெண்டு கையையும் ஒடச்சிருக்கணும்' என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. போட்டோவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியதே அவளைச் சந்தோஷப்படுத்தத்தானே.

மஞ்சள் பை

தொடருக்காக ஒரு வக்கீல் நாலைந்து முகவரி கொடுத்தார். அதில் மூன்றாவது ஒரு அம்மா. குடியாத்தம் பக்கம், ஊர் பெயர் வேண்டாம். பீடி சுற்றுகிறவர். ஆகஸ்ட் மாதம், ஊரடங்கு பாதி தளர்ந்திருந்த நேரம். நான் முகக்கவசத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் மடியில் முறம், முறத்தில் நனைத்த இலை, ஒரு டப்பாவில் தூள். தகரத் தகட்டை இலை மேல் வைத்துச் சுற்றி வெட்டுவார், ஒரு சிட்டிகைத் தூள், உருட்டு, நூல், நுனி மடக்கு. பேசும்போதும் அழும்போதும் கை நிற்கவில்லை. ஆயிரம் சுற்றினால்தான் அன்றைய கூலிக்குக் கணக்கு.

மகன் நல்லவன் என்று அவர் சொல்லவில்லை. 'வண்டி எடுத்தது நெஜந்தான் சார். ஒண்ணு எடுத்தான். மூணுன்னு போட்டாங்கோ' என்றார். அதை இங்கேயும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்கு மஃப்டியில் நாலு பேர் வந்து கூப்பிட்டுப் போனார்கள். காலையில் இவர் ஸ்டேஷனுக்குப் போனால் 'இங்க இல்லம்மா' என்றார்கள். மதியம் நீதிமன்றத்தில்தான் பார்த்தார், கட்டோடு. நடுவர் 'போலீஸ் அடிச்சாங்களா' என்று கேட்டதற்கு 'இல்லை' என்று சொல்லிவிட்டான். எல்லாருமே அப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவருக்கும் அவனுக்கும் நடுவில் கூட்டிவந்தவர்கள்தான் நிற்கிறார்கள்.

அப்புறம் உள்ளே போய் ஒரு மஞ்சள் பை கொண்டுவந்தார். ஜவுளிக்கடைப் பை. இந்த வேலையில் எத்தனை பை பார்த்திருப்பேன்! கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் வரிசையில் நிற்கிற ஒவ்வொரு கையிலும் அப்படி ஒன்று இருக்கும். ஒவ்வொன்றாகத் திண்ணையில் வைத்தார். எக்ஸ்ரே. ரிமாண்ட் நகல். கைதுக் குறிப்பு, அதில் சாட்சிக் கையெழுத்து கிராம நிர்வாக அலுவலர். அரசு ஆஸ்பத்திரியில் போட்ட விபத்துப் பதிவேட்டின் நகல், எங்கள் பாஷையில் ஏ.ஆர். காப்பி. சென்னையில் மனித உரிமை ஆணையத்துக்கு வக்கீல் போட்ட மனு. அதற்குப் போலீஸ் தரப்பு கொடுத்த பதிலறிக்கை, ஏழு பக்கம், பின்னால் இணைப்புகள்.

இணைப்பு நான்கைப் புரட்டினேன். என் செய்தி.

வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, மேலே தேதியும் பத்திரிகைப் பெயரும் எழுதி, முத்திரை வைத்திருந்தார்கள். பதிலறிக்கையின் ஐந்தாம் பத்தியில் ஒரு வரி: மேற்படி நபர் தவறி விழுந்து காயமுற்ற விவரம் நாளிதழிலும் வெளிவந்துள்ளது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதாவது அவர்கள் அனுப்பிய நோட்டை நான் செய்தியாக்கினேன், நான் ஆக்கிய செய்தியை அவர்கள் சான்றாக்கிவிட்டார்கள். நடுவில் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அவர்களுடைய வாக்கியத்திலிருந்து அவர்களை எடுத்துவிட்டேன்.

'பேப்பர்லயே வந்துட்டுது, பேப்பர்காரன் பொய் சொல்லுவானான்னு கேக்கறாங்கோ சார். அதுக்கு நான் இன்னா சொல்றது?' என்றார் அந்த அம்மா. அப்புறம், 'பேப்பர்ல இருந்து யாரும் அப்ப வந்து கேக்கலியே, எப்பிடி எழுதினாங்கோ?' என்று சேர்த்தார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். வந்து பார்க்காமல் எழுத முடியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் இணைப்பு ஐந்துக்குப் புரட்டினேன்.

நெஞ்சளவு

அன்றைக்கு அவரிடம் சொல்லவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அந்தச் சிறுபாலத்துக்குப் போனேன். செய்தியில் ஊர் பெயர் இருந்தது, என் செய்திதானே. வழியில் ஒரு கடையில் கொத்தனார் டேப் வாங்கினேன். எதற்காக அவ்வளவு அவசரம் என்று தெரியவில்லை, சம்பவம் நடந்து பதினேழு மாதம் ஆகியிருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாலாற்றுக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கொண்டுபோன வாய்க்கால் ஒரு காலத்தில், இப்போது முள்ளும் மணலும். கட்டைச் சுவரின் மேலிருந்து மணல் வரை டேப்பை விட்டேன். நாலேகால் அடி. இன்னொரு பக்கம் நாலடி. சுவர் மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் எனக்கே குதிகாலுக்கும் மணலுக்கும் இடையில் இரண்டு முழம்கூட இல்லை. ஆடு மேய்த்த பையன் ஒருவன் நின்று வேடிக்கை பார்த்தான். 'இன்னா சார், பாலம் அகலப்படுத்தறாங்களா?' என்றான்.

நாலடியிலிருந்து விழுந்தாலும் கை ஒடியலாம், மறுக்கவில்லை. திண்ணையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் உண்டு. பாலத்தின் உயரம் எதையும் நிரூபிக்காது. ஆனால் அந்த டீக்கடையில் 'சிறுபாலத்தில் இருந்து' என்று அடித்தபோது என் மனதில் என்ன பாலம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஒரு பாலமும் இல்லாமல்தான் அந்த வார்த்தையை எழுதியிருக்கிறேன்.

நிரூபித்தது வேறு. ஏ.ஆர். காப்பியில் மணி இருந்தது. பிரஸ் நோட்டிலும் கைதுக் குறிப்பிலும் அதிகாலை 5.30-க்குத் தணிக்கை, ஓட்டம், விழுந்தது எல்லாம். ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் அவனைப் பார்த்து எழுதியது அதே தேதியில் நள்ளிரவு 1.10. விழுவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்பே கட்டுப் போட்டுக்கொண்டான். 'யார் அழைத்து வந்தது' என்ற இடத்தில் ஒரு காவலரின் எண். 'எப்படி' என்ற இடத்தில் கீழே விழுந்ததாக, உடன் வந்தவர் சொன்னபடி. அந்த டாக்டர் யாரென்று தெரியாது. ஆனால் 'சொன்னபடி' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி வருகிற இடத்தில், கூடவே போலீஸ் நிற்கும்போது, அந்த வார்த்தைக்கு அவரிடம் நேரம் இருந்திருக்கிறது. என்னிடம் டீயும் இருந்தது, நேரமும் இருந்தது.

சிறையிலும் ஒரு குறிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொரப்பாடியில் உள்ளே அனுப்பும் முன் உடம்பில் இருக்கிற காயத்தை எல்லாம் எழுதிக்கொள்வார்கள், நாளைக்குத் தங்கள் தலையில் விழக்கூடாது என்று. நல்ல எண்ணத்தில் இல்லாவிட்டாலும் நல்ல ஆவணம். வக்கீல் மூலம் அது கிடைத்தது. வலது கை முறிவு, இரண்டு பாதத்தின் அடியிலும் கன்றிய காயம். பாலத்திலிருந்து விழுந்தவனுக்கு உள்ளங்காலில் எப்படி அடிபட்டது என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டேஷன் கேமரா பதிவு கேட்டு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனுப் போட்டேன். கேமரா பழுதில் இருந்தது என்று முப்பதாவது நாள் பதில் வந்தது. பதிவுகளைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பரில்தான். சாத்தான்குளத்தில் தினமும் தானாக அழிந்துவிடும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன நடுவர் எழுதினார், அதோடு பார்த்தால் பழுது என்பது மரியாதையான பதில்.

எனக்குத் தெரிந்த ஓர் ஏட்டையா ஓய்வுபெறும் நிலையில் இருந்தார். அவரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவர் சுற்றி வளைக்கவில்லை. 'செத்துட்டா ஜட்ஜ் வந்து விசாரிக்கணும், 2006-ல சட்டத்துலயே போட்டுட்டாங்க. கை ஒடஞ்சா யாரு சார் வரப்போறா? அதனாலதான் கையோட நிறுத்துறது' என்றார். போலீஸ் அடித்ததாகப் புகார் வந்தால் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிக்கக் காவல்துறை நிலையாணையில் இடம் இருக்கிறதே என்றேன். 'புகார் வந்தா' என்றார். அப்புறம் ஒரு தகவலும் சொன்னார், நான் கேட்காமலேயே. பேப்பரில் வருகிறதை வெட்டி ஃபைலில் ஒட்டி வைப்பது பல வருடம் அவர் பார்த்த வேலை. 'உங்க கட்டிங் நிறைய ஒட்டியிருக்கேன் சார். நீங்க சுருக்கமா, சுத்தமா எழுதுவீங்க.'

அனுப்பிய அஞ்சல்

வக்கீல் ஒரு யோசனை சொன்னார். அந்தச் செய்தி பிரஸ் நோட்டை வைத்து எழுதியது, நேரில் பார்த்து எழுதியது அல்ல என்று நிருபரே ஓர் அபிடவிட் கொடுத்தால் இணைப்பு நான்கு செத்துவிடும். சரி என்றேன். மனதில் ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது: 'போலீசார் தெரிவித்தனர் என்று நான் எழுதியிருந்தேன், இடமின்மையால் டெஸ்க்கில் அது நீக்கப்பட்டது.' இதில் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. உதவி ஆசிரியர்கள் அதைச் செய்கிறவர்கள்தான். ஒரு வரி கூடினால் முதலில் வெட்டுப்படுவது 'என்று போலீசார் தெரிவித்தனர்' தான். அந்த அம்மாவின் திண்ணையிலிருந்து எழுந்த நிமிடத்திலிருந்தே, டெஸ்க்தான் வெட்டியிருக்கும் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வக்கீலிடம் அப்படித்தான் சொன்னேன், மனைவியிடமும்.

அபிடவிட்டுக்கு ஆதாரமாகச் சேர்க்கலாம் என்று அன்றிரவு பழைய மின்னஞ்சலைத் தேடினேன். கிடைத்தது. காலை 7.52-க்கு அனுப்பியது. திறந்தேன். 'தப்பியோடிய வாலிபர், சிறுபாலத்தில் இருந்து தவறி விழுந்தார்.' டெஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. கீழே பிரஸ் நோட்டையும் ஒட்டியிருந்தேன். அதில் 'தவறி விழுந்து விட்டதாகத் தெரியவருகிறது' என்று இருந்தது. தெரியவருகிறது! போலீஸ்காரர் கூட ஒரு கால் வெளியே வைத்திருந்தார். அதையும் தூக்கி உள்ளே வைத்தது நான். சுருக்கமா, சுத்தமா.

ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் நாடகம் போல் இருக்கும். உண்மையில் நான் செய்தது, வேறு நாளின் அஞ்சல்களைத் திறந்து பார்த்தது. ஒரே ஒரு செய்தியிலாவது 'என்று போலீசார் கூறினர்' போட்டிருக்கிறேனா என்று. போட்டிருக்கிறேன், நிறைய. எதிலெல்லாம் என்று பார்த்தால், அரசியல்வாதி மீது வழக்கு, வக்கீல் மீது வழக்கு, பெரிய கடை முதலாளி மீது வழக்கு. பிறகு மானநஷ்ட நோட்டீஸ் அனுப்பக்கூடியவர்கள் எல்லாருக்கும். பைக் திருடனுக்குப் போட்டதில்லை. அது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, விரலே தெரிந்து வைத்திருந்தது.

அபிடவிட்டை மாற்றி எழுதினேன். சம்பவத்தை நான் பார்க்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை, பிரஸ் நோட்டில் இருந்த 'தெரியவருகிறது' என்ற சொல்லை நான்தான் விட்டுவிட்டேன் என்று. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் அடித்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். பத்திரிகையில் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஆசிரியர் தொலைபேசியில் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, 'நீ ரிப்போர்ட்டரா, சாட்சியா? முதல்ல அதை முடிவு பண்ணு' என்றார். தொடர் ஐந்து நாள் வருவதாக இருந்தது, மூன்று நாளில் 'முற்றும்' போட்டார்கள். குரூப்பிலிருந்து அட்மின் என்னை நீக்கினார். தெருமுனைக் கடையில் மஃப்டியில் ஒருவர் வந்து நான் சொந்த வீடா, வாடகையா என்று விசாரித்தாராம். ஒரே மாதத்தில் மூன்று முறை ஹெல்மெட் அபராதம், மூன்று முறையும் ஹெல்மெட் போட்டிருந்தேன். மிரட்டல் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றுமில்லை. மறு வருடம் அந்த வேலையை விட்டேன், அதற்குக் காரணம் இது மட்டுமும் அல்ல.

அந்த அம்மாவிடம் இரண்டாம் முறை போனபோது சொன்னேன். அந்தச் செய்தி நான் எழுதியதுதாம்மா என்று. கை ஒரு நொடி நின்றது, பிறகு நூலைச் சுற்றினார். 'அப்டீன்னா நீங்களே மறுபடி மாத்தி எழுதிப் போடலாமே சார்' என்றார். அவ்வளவு எளிய விஷயம். அவர் கேட்ட திருத்தம் கடைசி வரை அந்தப் பத்திரிகையில் வரவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பதினோரு வரிக்கு யார் திருத்தம் போடுவார்கள் என்றார்கள். இங்கே இப்போது எழுதுகிறேனே, இதுதான் அது. ஐந்து வருடம் தாமதம்.

ஆனால் மாத்தி எழுத வேண்டும் என்று கேட்டது அம்மா. மகன் கேட்கவில்லை. அவனை ஒரு டயர் கடையில் பார்த்தேன். வலது கை முழங்கைக்கு மேல் முழுதாக நீளாது, இரும்புச் சட்டத்தை இடது கையால்தான் அழுத்துகிறான். 'விட்ருங்கணா' என்றான். 'கேஸ் நடந்துனு இருக்கு. நீங்க எழுதினா அன்னிக்கி ராத்திரி என்னைத்தான் வந்து எழுப்புவாங்கோ, உங்கள இல்ல.' அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. ஊர், பெயர், சாதி, ஸ்டேஷன் எதுவும் இங்கே இல்லாததற்கு அவன்தான் காரணம். ஆணையத்தில் விசாரணைக்கு அழைத்த தேதிகளில் அவன் போகவில்லை. இரண்டாம் முறையும் போகவில்லை. இனிமேல் அவனைக் கூப்பிட மாட்டோம் என்று ஸ்டேஷனில் யாரோ வாக்குக் கொடுத்ததாக வக்கீல் சொன்னார். 2022-ல் மனு முடிக்கப்பட்டது. என் அபிடவிட் அந்தக் கட்டில் எங்காவது இருக்கும், இணைப்பு நான்குக்குப் பக்கத்திலேயே.

2024-ல் வேலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைத்து, திருடியதாகச் சொல்லித் தனி அறையில் அடைத்து அடித்ததாக வழக்கு வந்ததே, அதையும் அவருடைய அம்மாதான் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவானது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என் அம்மாவை நினைக்கவில்லை, இந்த அம்மாவைத்தான் நினைத்தேன்.

அவர் அவ்வப்போது போன் செய்வார். முதியோர் பணம் இரண்டு மாதமாக வரவில்லை, யாரைப் பார்க்க வேண்டும், ரேஷன் கார்டில் பேத்தி பெயரைச் சேர்க்க என்ன வேண்டும் என்று. தெரிந்ததைச் சொல்வேன். போன வருடம் ஒரு நாள், 'அந்தப் பையை இன்னா பண்றது சார்? பரண் மேல கெடக்குது. மருமக வரப்போறா, போலீஸ் பேப்பரு ஊட்ல இருக்க வாணாம்னு பையன் சொல்றான்' என்றார். தூக்கிப் போட வேண்டாம், என்னிடம் கொடுங்கள் என்றேன்.

பஸ் பிடித்து வேலூர் வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு கடையில் உட்கார வைத்தேன். கோடை, கடைக்குள் ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. டீ வேண்டாம், மோர் போதும் என்றார். பையை மேசை மேல் வைத்து, தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார், அன்றைக்குத் திண்ணையில் செய்தது போலவே. படிக்கத் தெரியாவிட்டாலும் எது எது என்று நிறத்தை வைத்தும் முத்திரையை வைத்தும் அவருக்குத் தெரியும். என் செய்தி ஒட்டிய தாளை மற்றவற்றின் நடுவில் செருகினார். 'உங்க ஊட்ல வெச்சா ஒண்ணும் ஆவாதே சார்?' என்று கேட்டார். ஆகாதும்மா என்றேன்.

எழுந்திருக்கும்போது கை நீட்டிப் பையைத் திரும்ப வாங்கினார். எக்ஸ்ரேவை மட்டும் உருவி, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்து, நாலாக மடிக்க முடியாததால் சுருட்டித் தன் கைப்பையில் செருகிக்கொண்டார்.

'இது மட்டும் இருக்கட்டும் சார். இது அவன் கை.'